வியாழனுக்கும் திங்களுக்கும் நடுவில்

என் தங்கை பிரதீபாவின் கணவர் அருட்செல்வனை முதல் பத்து வருடமும் எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமில்லை, அவருக்கும் தெரியும். நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி பிடிக்கிற உத்தியோகம். அரியாலையில் சொந்த வீடு. குடி, புகை ஒன்றும் கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் மனிதருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் கூடாரத்தையும் சின்ன அடுப்பையும் கட்டி, நடுவில் என் தங்கையை இருத்திக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"நாய்க்கு வேலையும் இல்லை, நிக்க நேரமும் இல்லை" என்று அவர் காதுபடவே சொல்வேன்.

"மச்சாளும் வாங்கோவன். பின்னாலை ஒரு பெட்டி பூட்டி ஏத்திக்கொண்டு போறன்" என்பார். கோபமே வராத மனிதர். அதுவும் எனக்கு எரிச்சல்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "பிள்ளை இல்லாத சோடி, சைக்கிளைப் பெத்து வளர்க்குதுகள்" என்று புத்தூரில் எங்கள் ஒழுங்கைக்காரி ஒருத்தி சொன்னாள். அவளுக்கு நான் கொடுத்த மறுமொழியை இங்கே எழுத முடியாது. தங்கையை ஏச எனக்கு உரிமை உண்டு. ஊருக்கு இல்லை.

கொரோனாவுக்கு இரண்டு வருடம் முந்தி, பதினேழு நாள் லீவு போட்டு, இலங்கையைக் கரையோரமாகவே சுற்றினார்கள். மன்னார், புத்தளம், காலி, அம்பாந்தோட்டை, பொத்துவில், மட்டக்களப்பு, திருகோணமலை. கோயில் வளவுகளிலும் கடற்கரைகளிலும் கூடாரம் அடித்துப் படுத்தார்களாம். முல்லைத்தீவிலிருந்து சுண்டிக்குளம், மணற்காடு என்று கடலோரமாகவே வீடு வந்து சேர்வது திட்டம். மழை பிடித்துக்கொண்டதால் பரந்தனுக்குத் திரும்பி, பெரிய வீதியால் வந்துவிட்டார்கள். மணற்காடு எங்கள் வடமராட்சிக் கரையில் மேடுமேடாக மணல் குவிந்து கிடக்கிற பாலைவனம். சுற்றிய தூரத்தில் சுண்டிக்குளத்திலிருந்து மணற்காடு வரையான அந்த ஒரு துண்டு மட்டும் மிச்சம். "எங்கடை ஊர்தானே, எப்பவும் பாக்கலாம்" என்று இவர் சொன்னாராம்.

நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் மோட்டார் சைக்கிள் வீட்டில் நின்றது. அந்த வருடந்தான் அவருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. பரிசோதித்தபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாலு மணித்தியாலம் படுத்து இரத்தம் கழுவவேண்டும். பிரதீபா தன்னுடையதைக் கொடுக்க நின்றாள், பொருந்தவில்லை. அவர் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஓம் என்று சொன்னார். பிறகு அவருடைய போன் வேலை செய்யவில்லை. எனக்கு நீரிழிவு. நீரிழிவு இல்லாவிட்டால் கொடுத்திருப்பேனா என்று கேட்டால், எனக்கே தெரியாது.

தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர். வாழைப்பழம் கூடாது, தோடம்பழம் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக இளநீர் கூடாது. அதிலிருக்கிற பொட்டாசியம் இந்த நோயாளிகளின் உடம்பை விட்டு வெளியேறாது, ஏறி ஏறி இருதயத்தை நிறுத்திவிடும் என்று தாதி பிரதீபாவைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். அன்றிலிருந்து பிரதீபாவும் இளநீரைத் தொடவில்லை. அவர் முன்னால் எப்படிக் குடிப்பது என்பாள்.

அதற்குப் பிறகும் அவர்கள் போனார்கள். வியாழன் கழுவினால் திங்கள்வரை தாங்கும். அந்த மூன்று நாளுக்குள் எவ்வளவு தூரமோ அவ்வளவு. முதலில் மன்னார்வரை போனார்கள். அடுத்த வருடம் அதைவிடக் கிட்ட, ஊர்காவற்றுறை. பிறகு கீரிமலையோடு நின்றது. ஒரு முறை தொண்டைமானாற்றில் கூடாரம் அடிக்க இடம் கேட்டபோது, பிரதீபா வாய்தவறி வருத்தத்தைச் சொல்லிவிட்டாள். வளவுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்து, "இஞ்சை ஏதும் நடந்தால் ஆர் மறுமொழி சொல்லுறது?" என்று அனுப்பிவிட்டார். வீட்டு வாசலில் இறங்கியபோது அருட்செல்வன் சொன்னாராம்: "இனிப் பயணத்திலை என்ரை வருத்தக் கதை ஒருத்தரிட்டையும் கதைக்கிறேல்லை. றோட்டிலையாவது நான் மனுசனாய் இருக்கவேணும்." பிரதீபா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள்.

இந்த வருடம் சித்திரை முடிய, இருதயமும் பழுது என்றார் டாக்டர். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலும் இனிப் பொருத்த ஏலாது என்றும் சொல்லிவிட்டார். அந்தக் கிழமையே இவர் மணற்காட்டுக்கு வெளிக்கிட்டார். செய்தி கேட்டு நான் பஸ் பிடித்து அரியாலைக்கு ஓடினேன்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமோ?" என்று கேட்டேன்.

"ஓம் மச்சாள். கெட்ட பிறகாவது ஒருக்காக் கும்பிடுவம்" என்று சிரித்தார். முகம் ஊதிக் கண் இடுங்கியிருந்தது.

பிரதீபா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, வேண்டாம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. அவருக்கு வேறை என்ன கிடக்கு?" வைத்தியம் இல்லை, பிள்ளை இல்லை, நாள் இல்லை. மூன்று நாளாவது தாங்கித் திங்கட்கிழமை கட்டிலுக்குத் திரும்பிவரட்டும் என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் பிரதீபா சொன்னது.

சனிக்கிழமை மத்தியானம் மணல்மேட்டில் ஏறினார்கள். நாலு அடிக்கு ஒருதரம் இருந்து இருந்துதான் ஏறினாராம். உச்சியில் நின்று ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் மணலையும் பார்த்துக் குழந்தை மாதிரிக் கை தட்டினாராம். படம் இருக்கிறது. இறங்கி வரும்போது அன்றைய தண்ணீர்ப் பங்கு முடிந்துவிட்டது. கரையில் ஒரு குடிசை, சவுக்கு நிழலில் ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பெயர் யாகப்பு, அறுபது வயதிருக்கும். மணலில் தடுமாறி வந்தவர்களைக் கண்டதும் வலையைப் போட்டுவிட்டு எழும்பி, பாய் விரித்து இருத்தினார். அவர்கள் வேண்டாமென்று சொல்ல முந்தியே இரண்டு இளநீரைச் சீவிக்கொண்டு வந்து நீட்டினார்.

"வேண்டாம் அண்ணை, நாங்கள் குடிக்கிறேல்லை" என்றாள் பிரதீபா.

"இரண்டு பேருமோ?"

"ஓம்."

"எவடத்து ஆக்கள்?"

"நான் புத்தூர். அவர் அரியாலை."

யாகப்புவின் கை இறங்கியது. "விளங்குது பிள்ளை. முந்தியும் உங்கடை பக்கத்து ஆக்கள் வந்தால் எங்கடை முத்தத்திலை வாய் நனைக்கிறேல்லை. இப்ப மாறியிட்டுது எண்டு நினைச்சுப்போட்டன். குறை நினைக்காதேங்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லையாம். தான்தான் ஏதோ பிழை விட்டவர் போல, இளநீரை மறைத்து வைக்க இடம் தேடினாராம்.

ஒரு சொல்லில் தீர்ந்திருக்கும். சிறுநீரக வருத்தம் என்று சொல்லப் பிரதீபா வாயைத் திறந்தாள். அருட்செல்வன் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு யாகப்புவின் கையிலிருந்த இளநீரை வாங்கி, தலையை நிமிர்த்தி முழுதையும் குடித்தார்.

"நல்ல இனிப்பு அண்ணை. அவ சும்மா வெக்கப்படுறா."

யாகப்புவின் முகம் மலர்ந்துபோயிற்று. மற்றதையும் நீட்டினார். இவர் அதையும் வாங்கிக் குடித்தார். வழுக்கலையும் கேட்டு வாங்கித் தின்றார். மூன்று வருடமாக வாய் நிறையத் தண்ணீர் குடித்தறியாத மனிதர்; மானத்தோடு தாகமும் இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. போகும்போது யாகப்பு இவருடைய போன் இலக்கத்தை வாங்கி, "போய்ச் சேர்ந்தவுடனை சொல்லுங்கோ" என்றார்.

வீதிக்கு ஏறியதும் பிரதீபா அழுதாள். "ஏன் குடிச்சனீங்கள்? வாங்கோ, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"அந்த மனுசன்ரை முகத்தைப் பாத்தனீர்தானே. அதுக்குப் பிறகு வருத்தம் எண்டு சொன்னாலும் சாட்டு எண்டுதான் நினைச்சிருப்பார்."

"நினைச்சால் நினைக்கட்டுமே!"

"நாளைக்குக் காலமை நேரை ஆஸ்பத்திரிக்குப் போவம். இன்னும் கொஞ்சத் தூரந்தான், சுண்டிக்குளம் வந்திடும்."

அவள் அப்போதே திருப்பியிருக்கவேண்டும். சைக்கிளின் திறப்பைப் பிடுங்கி எறிந்திருக்கவேண்டும். நானென்றால் அதைத்தான் செய்திருப்பேன். அவளோ பின்னால் ஏறி இருந்தாள். இருபது வருடப் பழக்கம்.

எங்கள் கரையிலிருக்கிற நாகர்கோவில் தாண்டி, செம்பியன்பற்றுத் தாண்டி, தாளையடிக்குக் கிட்டக் கடற்கரையில் கூடாரம் அடித்தார்கள். ஞாயிறு விடிய அவர் எழும்பப் பார்த்தார். கால் இரண்டும் சொல் கேட்கவில்லை. நாக்குத் தடித்தது. பிரதீபாவுக்குக் கியர் சைக்கிள் ஓடத் தெரியாது. வீதிக்கு ஓடி, மீன் ஏற்ற வந்த பட்டா என்கிற சின்ன லொறியை மறித்தாள். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அவரைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். புதுக்காட்டுச் சந்திக்கு முந்தியே எல்லாம் முடிந்துவிட்டது. சுண்டிக்குளத்தை அவர் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை செத்தவீடு. பறை முழங்கிக்கொண்டிருந்தது, பெண்கள் தலைமாட்டில் ஒப்பாரி வைத்தார்கள். அருட்செல்வனுடைய போன் என் கையில் இருந்தது; அது அடித்தது. எடுத்தேன்.

"தம்பி, நான் மணற்காட்டு யாகப்பு. சுகமாய்ப் போய்ச் சேர்ந்தனீங்களோ? நேற்று முழுக்க எடுத்தனான், வேலை செய்யேல்லை."

உன்னுடைய இளநீர்தான் இந்த மனிதனைக் கொன்றது, வந்து பார் என்று கத்த வாயெடுத்தேன். கத்தியிருப்பேன். ஆனால் எங்கள் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். கரையோரத்து ஆட்களின் வீட்டில் சாதி பார்த்து அவர் ஒரு நாளும் கை நனைத்ததில்லை. மீன் வாங்கப் போனாலும் போத்தலில் வீட்டுத் தண்ணீர் கொண்டுபோவார். அவருக்குப் பின்னால் நானும் அப்படித்தான். யாகப்பு எங்களைப் பற்றி நினைத்தது பிழையில்லை. அந்தப் பிழையில்லாத நினைப்புக்கு, அப்படி ஒரு நாளும் நடந்திராத மனிதர் உயிரைக் கொடுத்துவிட்டுக் கிடக்கிறார்.

நான் வாயைத் திறந்தபடி நிற்பதைக் கண்டு பிரதீபா எழும்பி வந்து போனைப் பிடுங்கினாள்.

"ஓம் அண்ணை, நான் பிரதீபா. சுகமாய் வந்து சேர்ந்திட்டம்."

"தம்பி எங்கை பிள்ளை?"

"அவர் படுத்திருக்கிறார்."

"பறைச் சத்தம் கேக்குது. என்ன விசேசம்?"

"இஞ்சை பக்கத்திலை ஒரு செத்தவீடு அண்ணை."

"ஐயோ, ஆர் பிள்ளை? தெரிஞ்ச ஆளோ?"

"ஓம், தெரிஞ்ச ஆள்தான்" என்றாள். பிறகு போனை நிறுத்தி என் கையில் தந்துவிட்டு, அவருடைய கால்மாட்டில் போய் இருந்தாள்.