பிரிஜா வீட்டுக்கு வந்த புது பிராசசர்

கருங்கல் ஊர்ப்பக்கத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்வதில் பிரிஜாவுக்கு நல்ல பெயர். மார்த்தாண்டத்து ஸ்டுடியோவிலிருந்து கேசட் வரும். அவள் வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்ப்பாள். எல்லாவற்றையும் ஒரே படமாக்கும் கடைசி வேலை கம்ப்யூட்டருடையது. அதற்குப் பெயர் ரெண்டர். காலை எட்டுக்குப் போட்டால் மாலை ஐந்தாகும்.

அதுவரை வீட்டில் மிக்சி, கிரைண்டர், கிணற்று மோட்டார் எதுவும் ஓடக்கூடாது. ஒருமுறை தேங்காய் அரைக்கப்போய் பியூஸ் போனதில், தாலி கட்டுகிற இடத்தில் படம் நின்றுவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ரெண்டர் நாளில் முந்தின நாள் சோற்றுப் பழஞ்சியும் சுட்ட கருவாடும்தான்.

பிரிஜா கம்ப்யூட்டர் முன்னால் காவல் இருப்பாள். அதாவது வாரப்பத்திரிகை படிப்பாள், கண்ணயர்வாள். கல்யாணமான பதினொரு வருடத்தில் பகலில் அவள் உட்கார்ந்தது அந்த நாற்காலியில் மட்டும்தான். மாமியார் செசிலி, "ஒரு கறி வைக்க வழியில்ல" என்று முனகிக்கொண்டே காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருப்பாள். சனிக்கிழமைதோறும் தக்கலையிலிருந்து மூன்று பிள்ளைகளோடு சாப்பிட வரும் நாத்தனார் ஷிபா, ரெண்டர் என்றால் வரமாட்டாள்.

2011இல் கம்ப்யூட்டரை வேகமாக்கும் புது பிராசசர் ஒன்று சந்தையில் இறங்கியது. குவைத்திலிருக்கும் கணவன் ஆன்ட்ரூஸ் பேப்பரில் படித்துவிட்டு போன் செய்தான்.

"ஏட்டி, நாலு கோராம். நாலு ஆளு சேந்து வேலை செய்யது மாதிரி. நீ பாவம், பகலு முழுக்க அதுக்க முன்னால இருக்கியல்லா?"

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல, கேட்டியளா."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

கடையிலிருந்து வினோஜ் வந்து மாட்டினான். ஐம்பதே நிமிடத்தில் ஒரு கல்யாணம் முடிந்தது. "இனி நீங்க ஃப்ரீ அக்கா!" என்றான்.

ஒன்பது மணிக்கே ஃப்ரீயான பிரிஜா அரைக்கவும் துவைக்கவும் தொடங்கினாள். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் ஷிபா வந்தாள். ஆப்பம், மீன்குழம்பு, அவியல், நாலு பேருக்கும் மறுசோறு. இரண்டாவது சனிக்கிழமை, பில் கொடுக்க வந்த வினோஜை செசிலி வாசலில் மறித்தாள்.

"மக்கா, அந்தப் பழசத் திரும்ப மாட்டித் தர முடியுமா?"

"என்னம்மா, காரு வந்தப்பறம் மாட்டுவண்டி கேக்கிய?"

மூன்றாவது சனிக்கிழமை காலை போன் அடித்தது. செசிலி எடுத்தாள்.

"இன்னைக்கு வராண்டாம் மக்களே. ரெண்டரு போட்டிருக்கு."

கம்ப்யூட்டர் உறை போர்த்தியபடி கிடந்தது.

"புது மெஷின்லயுமா?" என்று ஷிபா கத்துவது அடுக்களைவரை கேட்டது.

"புதுசுன்னா வேலையும் கூடுதலா இருக்காதா ஏட்டி? நாலு ஆளுக்க வேலையல்லா செய்யுது!"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த பிரிஜா எழுந்து கை கழுவினாள். இருவரும் பழஞ்சி குடித்தார்கள்.

செய்தி மாலைக்குள் குவைத் போய்விட்டது. ஆன்ட்ரூஸ் கொதித்தான். "கடைக்காரன் நம்மள நல்லா ஏமாத்திட்டான். நீ பேடிக்காண்டாம். அடுத்த மாசம் எட்டு கோரு இறங்குது, அத வாங்கிப் போடச் சொல்லுதேன்."

பக்கத்தில் காது கொடுத்திருந்த செசிலி வேண்டாமென்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

"ஒண்ணும் வாங்காண்டாம்," என்றாள் பிரிஜா அவசரமாக. "இதுவே இப்பம்தான் வீட்டோட பழகி வருது."