மூன்றாவது யூனிட் வரை கேட்டவர்

என் கணவர் என்னிடம் படித்தவர் அல்ல. ஆனாலும் அவரைக் கெடுத்தது என் பாடம்தான் என்று அவருடைய அண்ணன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். அமெரிக்க இலக்கியம் என்ற பேப்பர் பல வருடங்களாக என் தலையில்தான் விழுகிறது, வேறு யாரும் விரும்பிக் கேட்காததால். முதல் யூனிட்டில் பியூரிட்டன்களின் பிரசங்கங்கள். இரண்டாவதில் விடுதலைப் போர்க் காலத்து அறிவுவாதிகள். மூன்றாவதில் ரொமாண்டிசிசம் தலையெடுக்கிறது, நான்காவதில் அதன் இருண்ட பக்கம் வருகிறது. பரீட்சைக்கு எல்லாவற்றிலிருந்தும் கேள்வி உண்டு என்றாலும் பிள்ளைகள் மூன்றாவதைத்தான் நம்பி வருவார்கள்.

அந்த மூன்றாவது யூனிட்டை நான் நன்றாக நடத்துவேன். இதை அடக்கம் பார்க்காமலே சொல்கிறேன். இங்கிலாந்து ராஜாவைத் துரத்திவிட்டார்கள், அவர் புத்தக அலமாரியைத் துரத்த முடியவில்லை என்று ஆரம்பிப்பேன். நாடு புதிது, கொடி புதிது, கவிதை மட்டும் லண்டனிலிருந்து கப்பலேறி வந்த பழைய சரக்கு. நமக்கென்று எழுத என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் இருப்பதுபோல இடிந்த கோட்டைகள் இல்லை, மூட்டை மூட்டையாக ராஜபரம்பரைக் கதைகள் இல்லை. காடு இருந்தது, ஆறு இருந்தது, முடிவு தெரியாத நிலம் இருந்தது. அதையே கோட்டையாக்கிக்கொண்டார்கள். அந்தக் காட்டில் முன்பே குடியிருந்தவர்களைத் துரத்திக்கொண்டே அவர்களுக்காகக் கண்ணீரும் வடித்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடமாட்டேன். முந்தைய தலைமுறை மூளையைக் கேட்டு நடந்தது, இவர்கள் நெஞ்சைக் கேட்டார்கள். பிறகு ஒரு கூட்டம் வந்தது. தெய்வத்தின் குரல் தேவாலயத்தில் இல்லை, உனக்குள்ளேயே இருக்கிறது, ஊர் சொல்வதை விட்டுவிட்டு அதைக் கேள் என்றது. இந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவேன். கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். அப்புறம், கற்பனை, உணர்ச்சி, இயற்கை, தனிமனிதன், உள்ளுணர்வு என்று ஐந்து பாயிண்டையும் விரல்விட்டு எண்ணச் சொல்லி, பத்து மார்க் கேள்வி, விட்டுவிடாதீர்கள் என்பேன்.

என்னைப் பொறுத்தவரை அது பத்து மார்க் கேள்விதான். நான் எந்தக் குரலையும் கேட்டு எதையும் விட்டவள் இல்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

கொரோனா வந்து கல்லூரியை மூடியபோது, கூடுவாஞ்சேரியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டின் படுக்கையறையிலிருந்து பாடம் நடத்தினேன். இஸ்திரி மேஜைமேல் லேப்டாப். கதவைச் சாத்தினால் வைஃபை வராது, ஆகவே கதவு திறந்தே இருக்கும். வெளியே ஹாலில் என் கணவர். மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. யாரோ எழுதியதில் என்ன தப்பு இருக்கிறது என்று இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தவர். கல்லூரிப் பருவத்தில்கூட ஒரு நாவல் படித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மாணவர்கள் யாரும் கேமராவைப் போடமாட்டார்கள். கருப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். ராஜாவின் புத்தக அலமாரி ஜோக்கைச் சொன்னபோது அந்தக் கட்டங்களிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஹாலிலிருந்து சிரிப்பு கேட்டது. எட்டிப் பார்த்தேன். தன் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு என் வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவருக்காகவும் தயார் செய்தேன். கொஞ்சம் உரக்கப் பேசினேன். மதியம் அவரைக்காய் நறுக்கும்போது சந்தேகம் கேட்பார், "மேம்" என்று கூப்பிட்டு. கிண்டல்தான், ஆனால் சந்தேகங்கள் கிண்டல் இல்லை. உள்ளே ஒரு குரல், வெளியே நூறு குரல், எது நம்முடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு நாள் கேட்டார். அதற்கெல்லாம் தனியாக உட்கார வேண்டுமாம் என்று சொல்லிக் குக்கரை அணைத்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த காலம் அது. பக்கத்து பிளாக்கில் ஆம்புலன்ஸ் வந்து போய்க்கொண்டிருந்தபோது இப்படிச் சொல்வது பாவமென்று தெரியும், ஆனால் உண்மை அதுதான்.

மூன்றாவது யூனிட் முடிந்த சமயத்தில் கல்லூரியைத் திறந்துவிட்டார்கள். நான் ரயிலேறிப் போனேன். கொஞ்ச நாளில் அவருக்கும் அலுவலகம் திறந்தது. கம்பெனி பஸ் பெருங்களத்தூரில் நின்று நின்று ஊர்ந்து வீடு வந்து சேர்வதற்குள் அவர் முகம் வதங்கிய கீரையாகிவிடும். வருவார், சாப்பிடுவார், படுப்பார். எங்கள் பெண்ணும் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். இப்படியே இரண்டு மூன்று வருடம் ஓடியது.

போன வருடம் ஒரு சாயங்காலம் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். யாரும் அனுப்பவில்லை, தானாகவே எழுதிக் கொடுத்திருந்தார். நான் கத்தினேன். என்ன ஆச்சு, யார் என்ன சொன்னார்கள், உடம்புக்கு ஏதாவதா என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வலது கையை நீட்டி ஒவ்வொரு விரலாக மடக்கினார். கற்பனை, உணர்ச்சி, இயற்கை, தனிமனிதன், உள்ளுணர்வு.

"நீதானே சொன்ன," என்றார்.

அது சிலபஸ் என்றேன். பாடத்துக்காகச் சொல்வதை நம்பிவிடுவார்களா என்றேன். "அப்ப நீ நம்பாமலா அப்படிச் சொன்ன?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது அந்த நிமிஷத்தில்தான். நம்பித்தான் சொன்னேன் என்றால் அவர் செய்தது சரி. நம்பாமல் சொன்னேன் என்றால் நான் யார்?

கூடுவாஞ்சேரியிலிருந்து மேற்கே உள்ளே தள்ளி ஒரு லேஅவுட்டில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது, பெண் சின்னவளாக இருந்தபோது வாங்கியது. நெல் விளைந்த இடத்துக்கு ஏதோ கார்டன் என்று பெயர் வைத்து, இயற்கையின் மடியில் வாழுங்கள் என்று நோட்டீஸ் அச்சடித்து விற்றார்கள். ரியல் எஸ்டேட்காரர்களைவிடப் பெரிய ரொமாண்டிக்குகள் இந்த வட்டாரத்தில் கிடையாது. யாரும் வேலி நகர்த்திவிடக் கூடாதென்று ஒரு அறை கட்டி, போர் போட்டு, கரண்டும் வாங்கி வைத்திருந்தோம். அந்த அறைக்கு ஒரு பாயும் இரண்டு சட்டையுமாகப் போய்விட்டார். சண்டை போட்டுவிட்டுப் போகவில்லை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்துவிட்டு, மீட்டர் ரீடிங் பார்த்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் அண்ணன் வந்து உட்கார்ந்துகொண்டு, இந்தக் காலத்தில் வானப்பிரஸ்தமா என்றார். நீ ஒரு புரொபசர், எடுத்துச் சொல்லக் கூடாதா என்றார். எடுத்துச் சொன்னதால் வந்த வினைதான் இது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அன்றைக்குப் பிடித்துக்கொண்டதைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெண்ணுக்கு போன் செய்தேன். அப்பா ஹேப்பியா இருக்காருல்ல, விடும்மா என்றாள். எல்லாருக்கும் ஏதோ ஒரு வாக்கியம் இருந்தது. எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது, அவர் வீட்டுக்கு வர வேண்டும். அதை எந்த வாயால் கேட்பதென்றுதான் தெரியவில்லை.

நம் ஊர் இலக்கியத்திலும் ஆண்கள் காட்டுவழி போகிறார்கள். ஆனால் உடன்போக்கு என்று ஒன்று வைத்திருக்கிறோம். தலைவியும் கூடவே நடப்பாள், வெயிலும் கள்ளியும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். அமெரிக்கக்காரர்கள் தனியாகப் போனார்கள். ஒரு தடவை வகுப்பில் ஒரு பெண் எழுந்து, காட்டில் தனியாக இருந்தவருக்குச் சோறு யார் மேம் போட்டது என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அது கேள்வித்தாளில் வராது என்றேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குழம்பும் பொரியலும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போவேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் போனேன். கடைசி நிறுத்தத்துக்கு அப்பாலும் போகச் சொன்னால் டிரைவருக்குச் சலிப்பு. "அங்க இன்னாக்கா கீது? பாம்புதான் கீது," என்பார். என் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். மனை பார்க்கப் போகிறேன் என்பேன்.

அவர் நன்றாக இருந்தார். அதுதான் என் கையைக் கட்டிப்போட்டது. தாடி வளர்த்துச் சாமியாராகியிருந்தால் திட்டியிருக்கலாம். இளைத்துத் துரும்பாகியிருந்தால் அழுதாவது இழுத்து வந்திருக்கலாம். ஒன்றுமில்லை. சர்க்கரை குறைந்திருந்தது. படுத்ததும் தூங்குகிறாராம். கத்திரி, வெண்டை போட்டிருந்தார். காலையில் ஏரிக்கரையில் நடப்பார், மத்தியானம் செல்போனில் கிரிக்கெட் பார்ப்பார். போகும்போதெல்லாம் மலர்ந்த முகத்தோடு வாசலுக்கு வருவார். வீட்டுக்கு வரும் விருந்தாளியை வரவேற்பதுபோல. நான் நல்லபடியாகக் கேட்டுப் பார்த்தேன், கோபமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம்" என்றார். எனக்கு அவர்மேல் கோபத்தைவிடப் பொறாமைதான் அதிகம் இருந்தது. இத்தனை வருடம் நான் வாயால் சொன்னதை அந்த மனிதர் ஒரு தடவை கேட்டு, போய்ச் செய்துவிட்டார்.

இந்த செமஸ்டரில் நான்காவது யூனிட்டை ஆரம்பித்த அன்றுதான் எனக்கு உறைத்தது. நடத்திக்கொண்டே போனவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். அவர் இதைக் கேட்கவே இல்லை. மூன்றாவதோடு கல்லூரி திறந்துவிட்டது. மனுஷன் பாதி சிலபஸோடு வீட்டைவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் மாதக்கணக்கில் எந்தக் கதவும் திறக்காதவளுக்குச் சாவித்துவாரம் தெரிந்தால் போதாதா? அந்த ஞாயிற்றுக்கிழமை வத்தக்குழம்போடு நோட்ஸையும் எடுத்துக்கொண்டு போனேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு பாடம் பாக்கி இருக்கிறது என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லுங்க மேம்," என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கருப்புக் கட்டங்களுக்குப் பேசியவளுக்கு ஒரு முகம் கிடைத்தது. என் வாழ்க்கையிலேயே நன்றாக நடத்திய வகுப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

அதே காலத்தில், அதே ஊர்களில் வேறு சிலரும் இருந்தார்கள் என்றேன். உள்ளே குரல் இருக்கிறது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அது தெய்வத்தின் குரலாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது என்றுதான் கேட்டார்கள். மனசுக்குள் ஒரு பாழடைந்த வீடு உண்டு, அதில் குற்றமும் பயமும் குடியிருக்கும் என்றார்கள். தன்னையே நம்பித் தனியாகப் போனவன் வெளிச்சத்தைத்தான் பார்ப்பான் என்பதில்லை, தன்னுடைய இருட்டையும் பார்ப்பான், பார்த்தபின் அவனால் பழைய மனிதர்களோடு சேர்ந்து உட்கார முடியாமலே போகலாம் என்று எழுதினார்கள். நோட்ஸைப் பார்க்காமலே பேசினேன். வெளியே யாரோ மனை அளந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது.

கடைசியாக, கேட்க வந்ததைக் கேட்டேன். "உங்க உள்ள கேக்கிற குரல் நல்லதுதான்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

இந்தத் தடவை அவர் விரல் மடக்கவில்லை. "நீ சொல்றது சரிதான்," என்றார். பாயைச் சுருட்டி, பாத்திரத்தைக் கழுவி, பூட்டுப் போட்டு, இருட்டுவதற்குள் இரண்டு பேரும் ஷேர் ஆட்டோ பிடித்துவிடலாம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

"நல்ல குரலான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்லணும்," என்றார். "இங்க வந்ததுலேருந்து தினமும் தேடிப் பாக்கறேன். உன்னை மிஸ் பண்றேனான்னு. பண்ணணும்னு தெரியுது. உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அந்த நெனப்பு வரல."

அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை. என்னைக் காயப்படுத்த நினைத்துச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பேன். அவர் தன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அங்கே இருந்ததை மறைக்காமல் என்னிடம் சொன்னார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இருபத்து நான்கு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு பொய் தரமாட்டார்களா? அந்த அறையிலேயே நான் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன், அவர் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

எதையாவது பேச வேண்டியிருந்தது. அடுத்த வாரம் என்ன குழம்பு வைத்து எடுத்துவரட்டும் என்று கேட்டேன்.

"எது வெச்சாலும் சரி," என்றார்.