அண்டி ஆபீஸ் வாசலில் பதினெட்டு

பேத்தி வறுத்த முந்திரியைத் தட்டோடு கொண்டுவந்தாள். இருபதுக்கு மேல் முப்பதுக்குள் எத்தனை வேண்டுமானாலும் எடுத்து, அந்த எண்ணின் இரண்டு இலக்கங்களையும் கூட்டி, அத்தனையைத் திருப்பிப் போடச் சொன்னாள். இருபத்தாறு எடுத்தேன், எட்டைத் திருப்பிப் போட்டேன்.

"கையில பதினெட்டு, தாத்தா!"

அந்த வாசனையும் எண்ணும் சேர்ந்து என்னைக் குழித்துறைப் பக்கம், இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட அண்டி ஆபீஸ் வாசலில் கொண்டு நிறுத்தின. முந்திரி ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தொண்டையைக் கமறவைக்கும், கொட்டைத் தோட்டிலிருந்து வடியும் எண்ணெயின் புகை, கொட்டை உடைக்கும் கட்டைகளின் ஓயாத சத்தம், சங்கு ஊதியதும் மடியை உதறிக் காட்ட வரிசையில் நிற்கும் பெண்கள், அவர்களில் கறுத்த விரல்களோடு என் அம்மா. மடிகளில் பிடிபட்ட பருப்பு கிடக்கும் தட்டிலிருந்து காவல்கார அண்ணாச்சி இதே கணக்கில் அள்ளுவார். அம்மா சரியாகச் சொன்னால் கையிலிருப்பது அவளுக்கு.

"ஏட்டி, செவுரப் பாத்து நில்லு."

"பதினெட்டு, அண்ணாச்சி."

"இவ மந்திரவாதியாக்கும்!"

வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள், தலைக்கு ஆறு. அந்திக்கு வேறு தீனி கிடையாது. வாசலில் அம்மாவுக்காகக் காத்து நிற்கும் நான், யாரோ அவளுக்குச் சாடை காட்டுகிறார்கள் என்று வரிசையின் ஒவ்வொரு முகத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பேன். அண்ணாச்சி கண்டுபிடித்தால் பருப்போடு அம்மாவின் வேலையும் போய்விடுமே என்று பயப்படுவேன்.

"எத்தன எடுத்தாலும் பதினெட்டுதான் வரும், தாத்தா. ஸ்கூல்ல சொல்லித் தந்தாங்க," என்று பேத்தி சிரித்தாள்.

அம்மாமேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. இப்போது அண்ணாச்சிமேல். மூட்டைகளை ஓரக்கண்ணால் எண்ணிவிடும் மனிதர், நாள்தோறும் அதே பதினெட்டைக் கேட்டு நாள்தோறும் வாய்பிளந்தாரே. அந்த ஆச்சரியத்தை இனி நான் நம்பமாட்டேன்.