இருபத்தைந்து மில்லிமீட்டர் இறக்கம்

சுகிர்தா தன் காரை இரண்டரை சென்டிமீட்டர் இறக்கப் போகிறாள் என்பதில் ஆரம்பாக்கத்தில் ஒருவருக்கும் சம்மதமில்லை. அவள் யாரிடமும் சம்மதம் கேட்கவும் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்குச் சுருள் ஸ்பிரிங் செய்யும் ஆலையில் பதினொரு வருடமாக அவள் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். ஸ்பிரிங்கை எந்திரத்தில் வைத்து அமுக்க வேண்டும். இத்தனை கிலோவுக்கு இத்தனை மில்லிமீட்டர் இறங்க வேண்டும். குறைவாக இறங்கினாலும் கூடுதலாக இறங்கினாலும் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்க வேண்டும். அவளுடைய பெற்றோர் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தத் தெருவில் முதலில் கார் வாங்கியவள் அவள்தான். பழைய வெள்ளை ஹேட்ச்பேக். காலை ஷிப்டுக்குப் போகும் நான்கு பெண்களையும் அதில் ஏற்றிக்கொள்வாள்.

டயருக்கும் அதற்கு மேலிருக்கும் தகட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நிற்பதுபோல அந்தக் கார் நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்சம் குட்டையான, கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங் நான்கு மாட்டினால் போதும்.

பைபாஸ் ஓரத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் தணிகைவேல் கேட்டுச் சிரித்தான்.

“இருவத்தஞ்சு மில்லியா? இறக்குனா அம்பது இறக்கணும்க்கா. இல்லாங்காட்டி சும்மா உட்டுரணும். எதுக்குப் புதுசு? இருக்கிறதுலயே ஒரு சுத்து அறுத்துர்றேன். நீ நாஷ்டா துன்னுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்.”

“அறுத்த ஸ்பிரிங்கு குந்த வேண்டிய எடத்துல குந்தாது. பள்ளத்துல சக்கரம் தொங்குச்சின்னா கழண்டுக்கும். அத்த நீ அறுத்தா நான் அதுல செவப்பு அடிப்பேன்.”

“ஊரே அறுக்குதுக்கா.”

“ஊரு அறுக்கட்டும்.”

அவள் கணவன் ஸ்டீபன் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை செய்பவன். நல்லவன்தான். ஆனால் நாலு பேர் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்பவன். அவன் ஒரு நிபந்தனை வைத்தான்.

“அஞ்சு பேர் குந்திக்கினு மெம்பரோட மேட்டுல ஏறி எறங்கணும். ஒரு தபா தட்டுனாலும் பழசத் திரும்ப மாட்டிரணும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.”

“செரி.”

மெம்பர் என்றால் துளசிராமன். வார்டு மெம்பர் பதவி போய் எட்டு வருடமாகியும் பட்டம் போகவில்லை. ஏரிக்கரைக்குக் கீழே நெல் நிலம் உள்ளவர். காலனிப் பையன்கள் தன் வீட்டு வழியாக வண்டியை விரட்டுகிறார்கள் என்று, மாடித் தளம் போட்டதில் மிஞ்சிய கான்கிரீட்டைத் தெருமுனையில் கொட்டி ஒரு வேகத்தடை கட்டினார். அதன் உயரத்தை யாரும் அளக்கவில்லை.

சுகிர்தா அளந்தாள். ஆனால் வெறும் உயரத்தை அளந்து பயனில்லை என்று அவள் தொழில் சொல்லியிருந்தது. பாரம் ஏறினால்தான் ஸ்பிரிங் உண்மை பேசும். ஒரு ஞாயிறு காலை கோயிலில் ஆராதனை முடிந்ததும் கெட்டியாகச் சப்பாத்தி மாவு பிசைந்தாள். வேகத்தடையின் உச்சியில் உயரமாக நாலு உருண்டை ஒட்டினாள். நான்கு பெண்களையும் ஏற்றிக்கொண்டு மெல்ல அதன்மேல் ஓட்டினாள். காரின் அடிவயிறு மாவை அமுக்கியது. இறங்கிவந்து எஃகு ஸ்கேலை மாவில் குத்தினாள். மிகக் குறைவான இடத்தில் முப்பத்தெட்டு மில்லிமீட்டர். அவ்வளவு இடம் மிச்சம்.

துளசிராமன் வாசலில் நின்று பார்த்தார். “இன்னாம்மா, என் ஸ்பீட் பிரேக்கர்ல சப்பாத்தி சுடுறியா?”

“இன்னும் அடுப்பு பத்த வெக்கல மெம்பரே.”

“அத எறக்கி இன்னா பிரயோஜனம்? பெட்ரோல் கம்மியா குடிக்குமா? வேகமா போவுமா?”

“இல்ல மெம்பரே.”

“அப்ப எதுக்கு?”

அவள் மாவை வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வசதியுள்ளவர் வாசலுக்கு கிரானைட் பதித்தால் அதை ரசனை என்கிறோம், பிரயோஜனம் கேட்பதில்லை. சுகிர்தா கார் வாங்கியபோது ஊர் பொறுத்துக்கொண்டது, வேலைக்குப் போகத்தானே என்று. காரணம் கையில் இருந்தால் அவளுக்கு ஒரு பொருள் இருக்கலாம். காரணமே இல்லாமல் ஒன்று பிடித்திருப்பது, அவள் தெருவில் பிறந்தவர்களுக்கு இன்னும் அனுமதிக்கப்படவில்லை. பாதுகாப்பு, மைலேஜ் என்று அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பேச்சு அன்றே அடங்கியிருக்கும். அவள் சொல்லவில்லை. இதைப் பெரிய வீரம் என்று சொல்ல வரவில்லை. பிடிவாதம்தான். ஆனால் அதில் பொய் இல்லை.

ஐம்பது தட்டும், நாற்பதும் தட்டும் என்று மாவு சொல்லிவிட்டது. இருபத்தைந்து இறக்கும் ஸ்பிரிங்குக்கே அவள் ஆர்டர் கொடுத்தாள். தணிகைவேல் முனகிக்கொண்டே மாட்டினான். புது ஸ்பிரிங் ஓட ஓட இன்னும் கொஞ்சம் அமர்ந்துகொள்ளும். ஆகவே இரண்டு வாரம் ஓட்டிய பிறகே சோதனை என்றாள். ஸ்டீபன் ஒத்துக்கொண்டான்.

அந்த ஞாயிறு தெருவே வந்து நின்றது. ஆனால் நான்கு பெண்களில் ஒருத்தியான ஏஞ்சலுக்குக் காய்ச்சல். காரில் நாலு பேர்தான்.

“நாலு பேர வெச்சிக்கினு ஓட்டிட்டு ஜெயிச்சிட்டேன்னு சொல்லக் கூடாதும்மா,” என்றார் துளசிராமன், வாசலிலிருந்தே.

“வாஸ்தவம். அப்ப நீங்க ஏறுங்க மெம்பரே.”

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. காலனியில் எந்த வீட்டுக்குள்ளும் அவர் போனதில்லை, எந்த வண்டியிலும் ஏறியதில்லை. பின் சீட்டிலிருந்த செண்பகம் கதவைத் திறந்து நகர்ந்து உட்கார்ந்தாள். “வாங்க மெம்பரே, ஏசி கீது.”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவரால் தன் வீட்டுக்குள் போகவும் முடியவில்லை, வாசலில் நிற்கவும் முடியவில்லை. வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினார். கார் பின்பக்கம் அமுங்கியதைச் சுகிர்தா முதுகில் உணர்ந்தாள். ஏஞ்சல் ஐம்பது கிலோ. இவர் தொண்ணூறுக்குக் குறையாது. அத்தனையும் பின் சக்கரத்தின் மேல். இதை அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. வேண்டாம் என்று இப்போது சொல்லவும் முடியாது.

ஸ்டீபன் மேட்டில் மாவு ஒட்டிவிட்டு விலகினான். முதல் கியர். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறியது, இறங்கியது. சத்தமில்லை.

அவள் இறங்கிப் போய் ஸ்கேலைக் குத்தினாள். ஆறு மில்லிமீட்டர். ஒரு ஊத்தப்பத்தின் கனம். ஸ்டீபன் குனிந்து பார்த்துவிட்டு, “செரி,” என்றான்.

துளசிராமனும் இறங்கி வந்தார். தட்டையான மாவைப் பார்த்தார். காரைப் பார்த்தார். டயருக்கு மேல் இப்போது மூன்று விரல் இடைவெளிதான்.

“இவ்ளோ பேஜாரும் எதுக்கும்மா? இப்பவாவது சொல்லு.”

“எனக்குப் புடிச்சிக்கீது.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாளைக்கு ஏஞ்சல் வந்துருவா மெம்பரே. உங்களுக்கு எடம் இருக்காது.”