வட்டத்தாரும் மேலிடமும்

நோய்க்காலத்தில் அரசாங்கத்தை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க ஆசைப்பட்டவர்களுக்கு அந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் அகப்பட்டார். அவர் கையில் பெயிண்ட் வாளியும் பிரஷும் இருந்தன. மீதி அரசாங்கமெல்லாம் தொலைக்காட்சிக்குள் இருந்தது. அதைத் திட்டினால் அதன் காதில் விழாது. இவரைத் திட்டினால் திரும்பியாவது பார்ப்பார். ஆகவே ஊர் இவரைத் திட்டியது.

அதற்கு முன்பு அவர் சாலையில் வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டிருந்தவர். கோடு போடும்போது அவரை யாரும் கவனித்ததில்லை. போட்ட பிறகு கோட்டையும் யாரும் மதித்ததில்லை. கடை வாசல்களில் ஜனங்கள் தள்ளித் தள்ளி நிற்பதற்கு வட்டம் போட நகராட்சி அவரைக் கூப்பிட்டது. அன்றிலிருந்து 'வட்டத்தார்' ஆனார். வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர்கூடப் பழைய பெயரை மறந்துவிட்டார்.

முதலில் வட்டத்துக்கு வட்டம் ஒரு எட்டு இடைவெளி என்று உத்தரவு. பிறகு இரண்டு எட்டு. பிறகு ஒன்றரை. புதிதாகப் போடச் சொன்னவர்கள் பழையதை அழிக்கச் சொல்லவில்லை, அவரும் அழிக்கவில்லை. தெரு முழுக்க வட்டத்தின் மேல் வட்டம் ஏறிக் கிடந்தது. வரிசையில் புதுவிதமான சண்டைகள் பிறந்தன.

"சார், நீங்க நிக்கிறது போன உத்தரவோட வட்டம். அது ரத்தாயிடுச்சு."

"எனக்கு அந்த உத்தரவுதான் பிடிச்சிருந்துச்சு. நான் இதுலயே நிக்கிறேன்."

திட்டு வட்டத்தாருக்கு உறைக்காது. அவருக்கு இருந்த வியாதி வேறு: எதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நமைச்சல். காலையில் கடையைத் திறந்தால் வராத நோய் சாயங்காலம் திறந்தால் வரும் என்று யார் கண்டுபிடித்தது? எங்கோ ஒரு பெரிய அறை, அதில் ஒரு பெரிய மேஜை, சுற்றிலும் மூக்குக்கண்ணாடி போட்ட மேதைகள் என்று அவர் மனதில் ஒரு காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. நகராட்சி மேற்பார்வையாளரை விடாமல் துளைப்பார்.

"இதெல்லாம் யார் சார் முடிவு பண்றாங்க?"

"மேலிடம்ப்பா."

"மேலிடம்னா யாரு சார்?"

"எனக்கு மேல இருக்கறவரு."

"அவருக்கு யாரு சொல்றா?"

"நீ வட்டத்தப் போடு."

இப்படியே போயிருந்தால் வட்டத்தார் ஆராய்ச்சியோடு நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் அடுத்த உத்தரவு நேராக அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. கடைகளைத் திறக்கலாம், ஆனால் வாசலில் ஐந்து வட்டம் போட இடமிருக்கும் கடைகளை மட்டும். வட்டத்தாரின் மனைவி தையல்கடை வைத்திருந்தாள். ஒரு பக்கம் மின்கம்பம், மறுபக்கம் சாக்கடை, நடுவில் கடை. எப்படிப் போட்டாலும் மூன்றுக்கு மேல் தாங்காது. இந்த மாதமும் பூட்டிக் கிடந்தால் காலி செய்துவிட வேண்டும் என்று கட்டிடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அந்த இடத்தைக் கேட்டு ஒரு செல்போன் கடைக்காரர் தினமும் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஊருக்கெல்லாம் வட்டம் போடறீங்க. பொண்டாட்டி கடைக்கு ரெண்டு வட்டம் சேத்துப் போட முடியாதா?" என்றாள் தையற்காரி.

"இடமில்லையேம்மா. சாக்கடைக்குள்ளயா போடறது?"

"போடுங்க. ரவிக்கை வேணும்னா இறங்கி நிக்கட்டும்."

"விளையாடாத."

"சரி, விளையாடல. ஏன் அஞ்சு? மூணு ஏன் ஆகாது? என் கடைக்கு ஒரே நேரத்துல அஞ்சு பேர் வந்த சரித்திரம் உண்டா? அதையாவது கேட்டுட்டு வாங்க."

நியாயமான கேள்வி. வட்டத்தார் கிளம்பினார். இத்தனை நாள் நமைச்சல். இப்போது வயிற்றெரிச்சலும் சேர்ந்திருந்தது.

மேற்பார்வையாளருக்கும் பதில் தெரியவில்லை. தெரியாததை மறைக்க அவர் செல்போனை நீட்டினார். "பாரு, உத்தரவோட படமே அனுப்பியிருக்காங்க. முன்மாதிரிக் கடையாம். இதப் பாத்துத்தான் எல்லாரும் செய்யணும்."

ஒரு மருந்துக்கடை. வாசலில் ஐந்து வெள்ளை வட்டங்கள். ஒவ்வொன்றும் இடது பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. கூட்டத்தில் சொந்தப் பிள்ளையைப் பார்த்ததுபோல வட்டத்தார் அதை அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், இது நம்ம மருந்துக்கடை. நான் போட்டது."

"ஓகோ. அப்ப நீதான் முன்மாதிரி. அஞ்சு போதும்னு அன்னைக்கே எப்படிக் கணக்குப் போட்ட?"

"பெயிண்ட் தீந்துபோச்சு சார்."

மேற்பார்வையாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வேலை நடந்ததற்குச் சாட்சியாக அந்தப் படத்தை எடுத்து மேலே அனுப்பியவர் அவரேதான். அது படிப்படியாக ஏறியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் அதைப் பாராட்டியிருக்கிறார். உச்சிக்குப் போய் முத்திரையோடு இறங்கி வந்திருக்கிறது. வட்டத்தாரின் மனதிலிருந்த பெரிய அறை காலியாயிற்று. மேதைகள் எழுந்து போய்விட்டார்கள். மேஜைமேல் அவருடைய காலி வாளி மட்டும் இருந்தது.

"வெளிய மூச்சு விடாத," என்றார் மேற்பார்வையாளர். "அரசாங்க உத்தரவுக்குப் பின்னால பெயிண்ட் தீந்த கதை இருக்கக்கூடாது."

"அப்ப மாத்தச் சொல்லுங்க சார். வீட்டுக்காரி கடை போயிடும்."

"மாத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது." அவர் செல்போனை மறுபடி கையில் எடுத்தார். "படம் அனுப்ப அதிகாரம் உண்டு."

மறுநாள் தையல்கடை வாசலில் மூன்று வட்டங்கள் பளிச்சென்று விழுந்தன. படம் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட தையற்காரி ஸ்டூல் போட்டு ஏறிப் பெயர்ப்பலகையைத் துடைத்தாள். மேற்பார்வையாளர் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, படமெடுத்து மேலே அனுப்பினார்.

வட்டத்தார் பிரஷைத் தொடாமல் காத்திருந்தார். செல்போன் கடைக்காரர் அலமாரிக்கு அளவெடுத்துக்கொண்டு போனார்.

மாதம் முடிவதற்குள் உத்தரவு வந்தேவிட்டது. வாசலில் மூன்று வட்டம் இருந்தால் போதும். ஆனால் கடை வாசலின் வலப்பக்கம் ஒரு மர ஸ்டூல் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஊர் ஸ்டூலுக்கு அலைந்தது. மரச்சாமான் கடைகளைத் திறக்க இன்னும் அனுமதி இல்லாததால் வீட்டுச் சமையலறைகளிலிருந்து ஸ்டூல்கள் கடைத்தெருவுக்கு வந்தன. ஸ்டூலின் உயரத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் விளக்கினார். தையற்காரி உத்தரவைப் படித்தாள். தன் ஸ்டூலைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கடையைத் திறந்தாள்.

முதல் நாளே மூன்று வட்டமும் நிறைந்தன. வீட்டில் அடைந்து கிடந்ததில் எல்லோருடைய உடுப்பும் சிறுத்துப் போயிருந்தது. முதல் வட்டத்தில் மருந்துக்கடைக்காரர் கையில் ஒரு கால்சட்டையோடு நின்றார்.

"எந்த அறிவாளிக்கு இந்த ஸ்டூல் யோசனை வந்துச்சோ தெரியல. அதுல யாரும் உக்காரவும் கூடாதாம்," என்றார்.

"அவன் மச்சான் தச்சுப்பட்டறை வெச்சிருப்பான்," என்றது இரண்டாவது வட்டம்.

மூன்றாவது வட்டத்திலிருந்த ஆசிரியை வட்டத்தார் பக்கம் திரும்பினார். "ஏங்க, நகராட்சிக்கும் ஊருக்கும் நடக்கறீங்க. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? யாருங்க இதெல்லாம் சொல்றது?"

வட்டத்தார் பிரஷின் மயிரை ஒவ்வொன்றாக நீவினார்.

"எல்லாம் மேலிடம்," என்றார்.

உள்ளே தையல் மிஷின் நின்றது.

"மேலிடம் வெயில்ல சும்மாதானே நிக்குது," என்றாள் தையற்காரி தலையைத் தூக்காமல். "உள்ள வந்து இந்த பாபின்ல நூல் சுத்திக் குடுக்கட்டும்."

மேலிடம் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போயிற்று.