போதும், வீட்டுக்குப் போங்க

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் பாடு. பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பதுளைக் கடைவீதியில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கன்டெய்னர் லொறி அலுவலகத்தில் றுஸைனா இன்றைக்கும் வேலை பார்க்கிறாள். போய்க் கேளுங்கள். பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மட்டும் போகாதீர்கள்... அந்த நேரத்தில் அவள் யாரோடும் பேசமாட்டாள்.

எந்த லொறி எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மணிக்கு ஏறவேண்டும், தேயிலை ஏற்றிய கன்டெய்னர் கப்பல் புறப்படுமுன் கொழும்புத் துறைமுகத்துக்கு எப்படிப் போய்ச் சேரவேண்டும் என்று திட்டம் போடுவதுதான் அவள் வேலை. கெட்டிக்காரி. ஆனாலும் ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா? அவளுக்கு ஒரு வளைவில் சறுக்கியது.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டப் பாதை. அந்த வளைவில் நாற்பதடி கன்டெய்னர் திரும்பினால் பாதை முழுவதும் அடைபட்டுவிடும். எதிரே ஒரு முச்சக்கரவண்டி வந்தால்கூட ஒதுங்க இடமில்லை. பக்கத்தில் கிடுகிடு பள்ளம். அதனால் லொறி ஏறும்போது வளைவின் மேல்முனையில் ஓர் ஆள் சிவப்புத் துணியோடு நின்று, இறங்கி வரும் வண்டிகளை மறித்து வைப்பார். தோட்டத்தில் ஓய்வு பெற்று, அங்கேயே தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் தம்பையாதான் அந்த ஆள். றுஸைனா போன் எடுத்து "பிடிங்கய்யா" என்றால் நிற்பார். லொறி ஏறி முடிந்ததும் "போதும், வீட்டுக்குப் போங்க" என்பாள். அவள் வாயால் அதைச் சொல்லும்வரை இடியே விழுந்தாலும் அசையமாட்டார். அப்படியொரு பிடிவாதம்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மணி மூன்று நாற்பது. பேய் மழை. "பிடிங்கய்யா" என்றாள். ஐந்தே நிமிடத்தில், கிளட்ச் போய் லொறி அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. தொழிற்சாலைக்குச் சொன்னாள். கொழும்புக்குச் சொன்னாள். மெக்கானிக்கை அனுப்பினாள். முதலாளியிடம் ஏச்சு வாங்கினாள். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஓர் ஆளுக்கு மட்டும் சொல்லவில்லை.

லொறி பிந்துகிறதாக்கும் என்று தம்பையாவின் மனைவி இராக்கம்மா விடிய விடியக் காத்திருந்தாள். மறுநாள் காலை கொழுந்தெடுக்கப் போனவர்கள் அவரைக் கண்டார்கள். வளைவில், மண்திட்டில் சாய்ந்தபடி. கையில் சிவப்புத் துணி. குளிரில் நெஞ்சு அடைத்துவிட்டது என்றார்கள்.

றுஸைனாவை யாரும் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பாவம், சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள்.

பதினாறாம் நாள், வியாழக்கிழமை. நல்ல வெயில். பூனாகலைக்காரன் நிமலன், புது லொறிச் சாரதி, தேயிலையோடு இறங்கிக்கொண்டிருந்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான். தம்பையாவைக் கண்டதே இல்லை. ஏறி வரும் வண்டிகளை மறிக்க, வளைவின் கீழ்முனையில் றுஸைனா ஓர் ஆளை நிறுத்தியிருந்தாள். மேல்முனையில் யாரும் இல்லை.

மூன்று நாற்பத்து நான்கு. போன் அடித்தது.

"மிஸ், கீழேருந்து வேற லொறி ஏறுதுங்களா?"

"இல்லையே. இன்னைக்கு நீங்க மட்டும்தானே."

"அப்ப ஏன் மேல ஆளப் போட்டு என்னை மறிச்சு வச்சிருக்கீங்க?"

றுஸைனாவின் பேனா அப்படியே நின்றது.

"யாரு?"

"வயசானவரு. செவப்புத் துணி வச்சிருக்காரு. லொறி வருது, நில்லுங்கிறாரு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மிஸ்... இங்க நல்ல வெயில். அவரு மட்டும் நனைஞ்சிருக்காரு. துணியிலேருந்து தண்ணி சொட்டுது."

சொட்... சொட்...

போனில் அவளுக்கும் கேட்டது.

"எறங்கிப் போய்க் கேக்கவா?"

"வேணாம்! கண்ணாடிய ஏத்திட்டு உள்ளயே இருங்க!"

அவர் ஏன் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று ஐம்பத்தொன்று. தம்பையாவின் இலக்கத்தை அழுத்தினாள்.

மணி போனது.

ஒன்று... இரண்டு... மூன்று...

எடுத்தார்கள்.

'சோ'வென்று மழை இரைச்சல்.

"லொறி... இன்னும் வரலீங்களே அம்மா..."

"வராதுங்கய்யா. சொல்ல மறந்துட்டேன். என்னை மன்னிச்சிருங்க. போதும்... வீட்டுக்குப் போங்க."

மழை.

மழை.

"சரிங்கம்மா."

மூன்று ஐம்பத்து மூன்று. நிமலன் கூப்பிட்டான். "போய்ட்டாரு மிஸ். தேயிலைக்குள்ள எறங்கி லயத்துப் பக்கம் போறாரு."

கன்டெய்னர் கப்பலைப் பிடித்துவிட்டது. ஆனால் றுஸைனாவால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய், இராக்கம்மாவின் ஒற்றையறைக் காம்பரா வாசலில் நின்று, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள்.

இராக்கம்மா ஏசவில்லை.

"அவரு போனைக் குழியிலேயே வச்சுத்தான் மூடினோம்மா. நீங்க கூப்பிட்டா எடுக்கணும்பாரே, அதான்."



இராக்கம்மா உள்ளே கையைக் காட்டினாள். சுவரோரம், சிமெந்துத் தரையில் ஈரம். இரண்டு பாதம் அளவுக்கு.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்தாரு. அந்தா, அங்கதான் நிக்கிறாரு. தொடைக்கத் தொடைக்கத் தண்ணி ஊறுது." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "வீட்டுக்கு வரச் சொல்லிட்டீங்க. எப்பம்மா போகச் சொல்லுவீங்க?"

றுஸைனா அங்கேயே நின்று தம்பையாவின் இலக்கத்தை அழுத்தினாள்.

"நீங்கள் அழைத்த இலக்கம் தற்போது பாவனையில் இல்லை."

ஒவ்வொரு நாளும் மூன்று நாற்பதுக்கு அழைத்துப் பார்க்கிறாள். அதே பதில்தான். அந்த ஈரம் இன்னும் காயவில்லை.