பளிச்சக்கா அழுக்கு வளர்த்த கதை

"காலை மிதியடில துடைச்சுட்டு வந்தா தேஞ்சா போயிடுவீங்க?"

என் நாத்தனார் இதை ஒரு நாளைக்கு நாப்பது தடவையாவது சொல்லுவா. குழந்தைங்க டாக்டர் ஒருத்தரோட கிளினிக்ல பத்தொம்பது வருஷமா கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. வர்றவங்க, போறவங்க, மருந்து கம்பெனிக்காரங்க, ஏன், டாக்டரம்மாவையே ஒரு தடவை இப்படிக் கேட்டிருக்கா. அந்தம்மாவும் சத்தமில்லாம திரும்பிப் போய் காலைத் துடைச்சுட்டு வந்தாங்களாம். அங்க அவளுக்குப் பேரே பளிச்சக்கா.

என் வீட்டுக்கு வந்தாலும் அதே லட்சணம்தான். தண்ணி குடுத்தா டம்ளரை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் குடிப்பா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவ வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறவர். வீட்டுக்குள்ள வந்தா எங்க உக்காரணும்னு இவளைக் கேட்டுத்தான் உக்காருவார், பாவம்.

அப்படிப்பட்டவ கையில போய் டாக்டரம்மா ஒரு மீன் தொட்டியைக் குடுத்தாங்க. ஊசிக்கு பயந்து கத்துற பிள்ளைங்க கொஞ்ச நேரம் மீனைப் பாத்துட்டு இருக்கட்டும்னு, காத்திருக்கிற எடத்துல நாலடி நீளத் தொட்டி. காலையில தொட்டி வந்துது, சாயங்காலமே பன்னெண்டு மீனும் வந்துடுச்சு. மூணாவது நாள் தண்ணி கலங்குச்சு. பளிச்சக்கா விடுவாளா? மீனை எல்லாம் வாளியில போட்டா. தொட்டி, கூழாங்கல், தண்ணியைச் சுத்தம் பண்ற ஃபில்டருக்குள்ள இருக்கிற ஸ்பாஞ்சுன்னு ஒண்ணு விடாம ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுக் கழுவினா. புதுசா குழாய்த் தண்ணி பிடிச்சு ஊத்தி, மீனைத் திரும்ப விட்டா.

அஞ்சாவது நாள் காலையில பன்னெண்டும் மல்லாந்து மிதந்துது. நெத்தியில கட்டுப் போட்ட ஒரு பொண்ணு, "எல்லாம் தூங்குதா?"ன்னு கேட்டுச்சாம். டாக்டரம்மா வந்து பாத்தாங்க. அத்தனை பேர் முன்னாடி, "உன் கையில குடுத்தா எதுவும் மிஞ்சாது போலிருக்கே"ன்னுட்டாங்க.

பத்தொம்பது வருஷத்துல அவ கேட்ட முதல் குத்தம் அது. ரெண்டு நாள் யாரையும் மிதியடில துடைக்கச் சொல்லலைன்னா பாத்துக்கோங்க.

மூணாவது நாள் டாக்டரம்மாகிட்ட போய், இன்னொரு தடவை விடுங்கன்னு கேட்டா. "ஒரு மாசம் டைம். அதுக்குள்ள மீன் உயிரோட நீந்தணும். இல்லைன்னா தொட்டியை யாருக்காவது குடுத்துட்டு டிவி மாட்டிடலாம்"னாங்க அவங்க.

நேரா போனா வண்ண மீன் விக்கிறவர் கடைக்கு. மனுஷன் கதையைக் கேட்டுட்டு தலையில கை வெச்சுக்கிட்டார்.

"ஏம்மா, மீனோட கழிவு தண்ணியில விஷமா ஏறும். அந்த விஷத்தைத் தின்னுறதுக்கு ஒரு நல்ல கிருமி இருக்கு. அது ஸ்பாஞ்சுல, கல்லுல ஒட்டிக்கிட்டு மெதுவா வளரும். புதுத் தொட்டியில அது கெடையாது. முதல்ல கிருமியை வளக்கணும், அப்புறம்தான் மீன்."

"கிருமியை வளக்கணுமா? கிளினிக்லயா? பத்தொம்பது வருஷமா அதைக் கொல்லத்தானே எனக்குச் சம்பளம்!"

"அப்போ கொல்லுங்க. கூடவே மீனும் சாகும்."

அவளை வாயடைக்க வெச்ச ஆளைப் போய் நானே பாத்துட்டு வரணும்னு நெனச்சேன்.

அவர் சொன்ன கணக்கு இது: தண்ணி பிடிச்சதும் குளோரின் போக மருந்துச் சொட்டு விடணும். ஃபில்டர் ராத்திரி பகல் ஓடணும். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியை வெறும் தொட்டியில போடணும், அது அழுகி விஷமாகும், அதைத் தின்னு கிருமி பெருகும். கண்ணாடிக் குழாயில தண்ணி எடுத்து, அவர் குடுத்த சொட்டு மருந்தை விட்டுப் பாக்கணும். கழிவுலேருந்து வர்ற முதல் விஷம் இருந்தா பச்சை, இல்லைன்னா மஞ்சள். அந்தக் கிருமி முதல் விஷத்தைத் தின்னுட்டு ரெண்டாவதா ஒரு விஷத்தை விடுமாம். அதைத் தின்ன வேற ஒரு கிருமி வரணும். ரெண்டாவது விஷம் இருந்தா ஊதா, இல்லைன்னா நீலம். தீனி போட்ட மறுநாளும் மஞ்சளும் நீலமும் நின்னாத்தான் மீன் விடலாம்.

இவ என்ன பண்ணினா, பிள்ளைங்க கிறுக்குற கலர் பென்சிலை எடுத்து, பழைய காலண்டர் தாளுக்குப் பின்னாடி தினம் ரெண்டு பொட்டு வெச்சா. அன்னிக்கு என்ன கலரோ அந்தக் கலர்ல.

வர்ற பிள்ளைங்க எல்லாம் "மீன் எங்க?"ன்னு கேக்குங்க. பெத்தவங்க அதுக்கு மேல. "என்னக்கா, கண்ணுக்குத் தெரியாத மீனா?"

"ஆமா, புத்திசாலிங்க கண்ணுக்கு மட்டும் தெரியும். நீங்க காலைத் துடைச்சுட்டு வாங்க."

ஸ்பாஞ்சு நாளுக்கு நாள் பழுப்பாகி வழவழன்னு ஆச்சு. அதைப் பாக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை அரிக்கும். முந்தானையில கையைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவா. இதை அவளே என்கிட்ட சொன்னா.

இருவத்திநாலாம் நாள். பச்சை போய் மஞ்சள் வந்தாச்சு, ஊதாவும் வெளுத்துக்கிட்டே வருது. அன்னிக்குன்னு பாத்து அவளுக்குக் காய்ச்சல். ரெண்டு நாள் வேலைக்கு ஆள் வேணுமேன்னதும் நான் போனேன். கூட்டினேன், துடைச்சேன், ஜன்னல் கம்பியைக்கூட விடலை. அப்புறம் ஃபில்டரைப் பாத்தேன். உள்ள கருமம் மாதிரி ஒரு ஸ்பாஞ்சு. ஓஹோ, என் டம்ளரை மட்டும் வெளிச்சத்துல தூக்கிப் பாக்கத் தெரியுதான்னு நெனச்சுக்கிட்டு, குழாயடியில வெச்சு நாலு தண்ணி அலசி எடுத்தேன். பெருமையா ஃபோன் வேற போட்டேன்.

"உன் ஸ்பாஞ்சைப் பால் மாதிரி வெள்ளையாக்கிட்டேன்டி."

டக்குன்னு ஃபோனை வெச்சா. அரை மணி நேரத்துல போர்வையைப் போத்திக்கிட்டு வந்து நின்னா.

"அண்ணி, இருவத்திநாலு நாளா வளத்ததை நாலு நிமிஷத்துல கொன்னுட்டீங்களே! குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கே!"

"அழுக்கா இருந்துச்சு, கழுவினேன். நீயா இருந்தா கழுவியிருக்க மாட்டே?"

மொறச்சுட்டு, "கழுவியிருப்பேன்"னா.

மறுநாள் காய்ச்சலோடவே வந்து தண்ணி எடுத்துப் பாத்தா, கண்ணாடிக் குழாயில மறுபடி பச்சை. மாசம் முடிய அஞ்சே நாள். டாக்டரம்மா எட்டிப் பாத்து, "போதும்மா, டிவிக்கு ஆள் வரச் சொல்லிடறேன்"னாங்க. நான் துடைப்பத்தோட பக்கத்துலதான் நிக்கிறேன்.

பளிச்சக்கா காலண்டர் தாளை நீட்டினா. "டாக்டரம்மா, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்னா ரிப்போர்ட் வராம மருந்து எழுதுவீங்களா? இதுதான் தொட்டியோட ரிப்போர்ட். தேறி வந்துச்சு, நேத்து கெட்டுப்போச்சு, திரும்பத் தேறும். எனக்கு இன்னும் ரெண்டு வாரம் வேணும்."

அவங்க தாளை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. "நேத்து என்ன ஆச்சு?"

"என் வீட்டு ஆள் ஸ்பாஞ்சைக் கழுவிட்டாங்க. கழுவக்கூடாதுன்னு சொல்லாம போனது என் தப்பு."

டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க. நான் தரையைப் பாத்தேன். "சரி, ரெண்டு வாரம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் அவகிட்ட நான் வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை, அதை எழுத மாட்டேன்.

கடைக்காரர் தன்னோட பழைய தொட்டியிலேருந்து அழுக்கு ஸ்பாஞ்சுத் துண்டு ஒண்ணு வெட்டிக் குடுத்தார், புதுக் கிருமி பெருக விதையா. நான்தான் போய் வாங்கிட்டு வந்தேன். பிளாஸ்டிக் பைக்குள்ள தொட்டித் தண்ணியில ஊறப்போட்டு, ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு. அழுக்கை அவ்வளவு பத்திரமா நான் சொமந்ததே இல்லை. கூழாங்கல்லுல மிச்சம் இருந்த கிருமியும் சேர்ந்து கைகுடுத்துது. பதினோராம் நாள் மஞ்சளும் நீலமும் வந்துச்சு. நம்பாம இன்னும் ரெண்டு நாள் பாத்தா. அதே கலர். பாதித் தண்ணியை மாத்திட்டு, ஆறே ஆறு சின்ன மீன் விட்டா. டாக்டரம்மா பன்னெண்டு கேட்டாங்க, "மீன் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரிதான் கிருமியும் பெருகும், மெதுவா விடலாம்"னு மறுத்துட்டா.

மீன் விட்ட அஞ்சாம் நாள் டாக்டரம்மா சீக்கிரமே வந்து மீனை எண்ணினாங்க. ஆறும் இருந்துது. "உன் கையில இருக்கட்டும்"னு சொல்லிட்டுப் போனாங்க. அவ்வளவுதான். இவ உடனே வாசல் பக்கம் திரும்பி, "யாரது, மிதியடி கண்ணுக்குத் தெரியலையா?"ன்னு ஆரம்பிச்சுட்டா.

இப்போ பதினெட்டு மீன் இருக்கு, எட்டு மாசமாச்சு. அந்தக் காலண்டர் தாளைத் தொட்டி மேல ஒட்டி வெச்சிருக்கா. உங்க பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னுதான் போகணும்னு இல்லை, காலையில ஒம்பது மணிக்கு அவ தீனி போடும்போது சும்மா போய் ஒரு தடவை பாருங்க. புதுசாத் தொட்டி வாங்குற எண்ணம் இருந்தா மீன் வாங்குறதுக்கு முன்னாடியே போங்க, எல்லாம் சொல்லிக் குடுப்பா. ஸ்பாஞ்சு அழுக்கா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம், காலைத் துடைச்சுட்டுப் போங்க.